பார்க்க வந்த கூட்டமும் எடுக்க வந்த கூட்டமும்

இணையத்தின் தொடக்க நாட்களில் கூட்ட நெரிசலில் முதலில் மாட்டிக்கொண்டவர்களில், அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களும் உண்டு. 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ என்ற கணினி மையம் மொசைக் என்ற உலாவியை வெளியிட்டது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிந்ததால் அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது. யார் மொசைக்கைத் திறந்தாலும் அது முதலில் போய் நிற்கும் இடம் என்சிஎஸ்ஏவின் முகப்புப் பக்கம். ஆஸ்திரேலியாவில் ஒரு மாணவர் காலையில் கணினியைப் போட்டு உலாவியைத் திறந்தால், இல்லினாயில் ஒரு சர்வரின் கதவு தட்டப்படும். உலாவி பரவப் பரவ அந்த ஒற்றை சர்வர் மூச்சுத் திணறியது.

அப்போது அங்கே பணியாற்றிய எரிக் கட்ஸ், மிஷெல் பட்லர், ராபர்ட் மெக்கிராத் ஆகிய மூவரும் 1994இல் ஒரு வழி கண்டு அதைக் கட்டுரையாகவும் எழுதினார்கள். பெரிய கணினி ஒன்றை வாங்குவதற்குப் பதில் பல சாதாரணக் கணினிகளை வரிசையாக வைத்தார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே கோப்புத் தொகுப்பிலிருந்து பக்கங்களை எடுத்துக்கொள்ளும். தளத்தின் பெயரைச் சொல்லி எண் முகவரி கேட்டு வருகிறவர்களிடம் பெயர் சர்வர் முதல் ஆளுக்கு முதல் கணினியின் முகவரியையும், அடுத்தவருக்கு அடுத்த கணினியின் முகவரியையும் மாற்றி மாற்றித் தரும். கேட்பதற்கு எளிய வித்தை. ஆனால் ஒரே பெயருக்குப் பின்னால் பல கணினிகள் நிற்கலாம் என்பது இன்றைய பெரிய தளங்கள் அனைத்துக்கும் அடித்தளமான எண்ணம்.

அதில் ஓட்டையும் இருந்தது. ஒரு முறை கிடைத்த முகவரியை வெளியூர் வலையமைப்புகள் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு கணினி பழுதாகி நின்றாலும் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் அங்கேயே வந்து மோதுவார்கள். வருகிறவர்களை எங்கே அனுப்புவது என்பதைத் தளத்தின் வாசலிலேயே முடிவு செய்வது எவ்வளவு கடினம் என்பது அப்போதே புரிந்துவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் நெரிசலுக்கு நாளும் கிழமையும் குறிக்க முடிந்தது. 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. அது அனுப்பும் படங்களை உலகம் முழுவதும் உடனுக்குடன் பார்க்க விரும்பும் என்று நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் முன்கூட்டியே ஊகித்து, பல நிறுவனங்களின் உதவியோடு வெவ்வேறு இடங்களில் நகல் தளங்களை ஏற்பாடு செய்திருந்தது. ஜூலை 8ஆம் தேதி மட்டும் 4 கோடியே 70 லட்சம் கோரிக்கைகள் வந்தன. ஒரு பக்கத்தில் 10 படம் இருந்தால் அது 11 கோரிக்கையாகக் கணக்காகும் என்பதால் இதை ஆட்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அன்றைய இணையத்துக்கு இது பிரம்மாண்டமான எண். தளம் தாங்கியது. எப்போது கூட்டம் வரும் என்று தெரிந்திருந்ததும், நகல்கள் தயாராக இருந்ததும்தான் காரணம்.

1998 செப்டம்பர் 11 இதற்கு நேர்மாறு. அதிபர் கிளின்டன் பற்றிய கென்னத் ஸ்டாரின் விசாரணை அறிக்கையை, 445 பக்கங்களையும், அமெரிக்க நாடாளுமன்றம் இணையத்தில் வெளியிட்டது. அரசுத் தளங்களுக்குள் நுழையவே முடியவில்லை. செய்தித் தளங்கள் எப்படியோ ஒரு பிரதியைப் பெற்றுத் தங்கள் சர்வர்களில் ஏற்றின. அந்தப் பிரதிகள் வழியாகத்தான் பெரும்பாலோர் அறிக்கையைப் படித்தார்கள். செவ்வாய்ப் படங்களுக்குத் திட்டமிட்டு நடந்த வேலை இங்கே தானாகவே, தாறுமாறாக நடந்தது.

நகல் எடுத்துப் பரப்புவதுதான் தீர்வு என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எந்த நகலை, எங்கே, எத்தனை வைப்பது என்பதை மனிதர் உட்கார்ந்து திட்டமிடாமல் இயந்திரமே முடிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் கணிதம் தேவைப்பட்டது.

அந்தக் கணிதம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது. வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994இல் அங்கே வந்து சேர்ந்திருந்தார். திடீர்க் கூட்டம் வலையை முடக்கிவிடும் என்ற கவலையை அவர் சக ஆய்வாளர்களிடம் சவாலாகவே முன்வைத்தார். பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் அதைக் கையில் எடுத்தார். அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் டேனி லூயின். டென்வரில் பிறந்து, பதின்பருவத்தில் பெற்றோருடன் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டு ராணுவத்தின் சிறப்புப் படைப்பிரிவில் பணியாற்றிவிட்டு, மனைவி மக்களோடு மறுபடி அமெரிக்கா வந்தவர். 1997இல் டேவிட் கார்கர், எரிக் லேமன், லெய்ட்டன், ரீனா பாணிக்கிரஹி, மேத்யூ லெவின், லூயின் ஆகிய அறுவரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வலையில் நெரிசல் மையங்களைக் கலைப்பதுதான் அதன் பொருள்.

அதன் சாரத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆயிரம் பக்கங்களைப் பத்து சர்வர்களில் பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பத்தால் வகுத்து, மீதி எவ்வளவோ அந்த சர்வரில் வைக்கலாம். எந்தப் பக்கம் எங்கே என்று யாரையும் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு சர்வர் பழுதானால் ஒன்பதால் வகுக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் இடம் மாறிவிடும். கூட்டம் நெருக்கும் நேரத்தில் ஒரு சர்வர் விழுந்தால் மற்ற ஒன்பதும் தங்களிடம் இல்லாத பக்கங்களைத் தேடி ஒரே நேரத்தில் மூல சர்வரிடம் ஓடும். அதுவும் விழும். அறுவரும் சொன்ன வழியில் சர்வர்களும் பக்கங்களும் ஒரு கற்பனை வட்டத்தின் மேல் புள்ளிகளாக அமர்கின்றன. ஒரு பக்கம், வட்டத்தில் தனக்கு அடுத்து வரும் சர்வருக்குச் சொந்தம். ஒரு சர்வர் போய்விட்டால் அதன் பங்கு மட்டும் அடுத்ததற்கு நகரும், மற்றவை அசையாது. பத்தில் ஒன்றுதான் இடம் மாறும். பிற்காலத்தில் அமேசான் தன் டைனமோ தரவுத்தளத்தை 2007இல் விவரித்தபோது அதன் அடியில் இருந்ததும் இதே வட்டம்தான்.

1998இல் லெய்ட்டனும் லூயினும் இதை வைத்து அகமாய் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு தங்கள் கழகத்தின் தொழில்முனைவோர் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்தும் அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவர்கள் செய்ததைத் தமிழ்நாட்டுத் திருவிழா பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தேர் நாளில் ஊர்க் கிணற்றை யாரும் அகலப்படுத்துவதில்லை. தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். உலகெங்கும் உள்ள இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே அகமாய் தன் சிறு சர்வர்களை வைத்தது. பார்வையாளருக்கு எது பக்கமோ, எது அப்போது ஓய்வாக இருக்கிறதோ, அங்கிருந்து அவருக்குப் படமும் பக்கமும் போய்ச் சேரும். மூல சர்வர் வரை அவர் வர வேண்டியதே இல்லை.

இந்த நிறுவனத்தின் தொடக்கக் காலத்திலேயே அதன் வலையமைப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர் ரமேஷ் சீதாராமன். சென்னை ஐஐடியில் பொறியியல் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னாளில் எஸ். ஷண்முக கிருஷ்ணனுடன் சேர்ந்து 2012இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 67 லட்சம் பேர் பார்த்த 2 கோடியே 30 லட்சம் காணொலிக் காட்சிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். காணொலி தொடங்க 2 நொடிக்கு மேல் ஆனால் ஆட்கள் விலகத் தொடங்குகிறார்கள். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நொடிக்கும் விலகுவோர் விகிதம் ஏறத்தாழ 5.8 விழுக்காடு கூடுகிறது. தளம் விழாமல் இருந்தால் மட்டும் போதாது, நொடிக்கணக்கில் காத்திருக்க வைத்தாலே வந்தவர் போய்விடுவார் என்பதை இந்த எண்கள் காட்டின. இந்த 2 நொடியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு நொடிக் கணக்கு வருகிறது.

2001 செப்டம்பர் 11 காலை, பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் புறப்பட்ட விமானத்தில் டேனி லூயின் இருந்தார். நியூயார்க் வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதிய விமானம் அதுதான். அவருக்கு வயது 31. விமானத்தைக் கடத்தியவர்களில் ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான் என்பது விசாரணை ஆணையத்தின் முடிவு. லூயின் இறந்த செய்தி அகமாய்க்குத் தெரிய வந்த அதே நாளில், உலகம் முழுவதும் செய்தித் தளங்களை நோக்கிப் பாய்ந்தது. சிஎன்என் தளம் முடங்கியது. அதன் பொறியாளர்கள் பக்கத்திலிருந்து விளம்பரம், படங்கள், பட்டியல்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, சில வரிகள் மட்டும் உள்ள ஒரு மெலிந்த பக்கத்தை வைத்துத் தளத்தை மீட்டார்கள். கூகுள் தன் முகப்பிலேயே, செய்திக்குத் தொலைக்காட்சியையோ வானொலியையோ நாடுங்கள் என்று எழுதி, செய்திப் பக்கங்களின் நகல்களுக்கும் வழி காட்டியது. லூயினின் சகாக்கள் துக்கத்தோடு துக்கமாக, தங்கள் வலையமைப்பில் இருந்த செய்தித் தளங்களைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அன்று சிஎன்என் செய்தது, இத்தொழிலின் இரண்டாவது பெரிய பாடம் என்றே சொல்லலாம். எல்லோருக்கும் கொஞ்சமாவது கொடுக்க வேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் கொடுப்பதைக் குறைக்க வேண்டும். இன்று பெரிய தளங்கள் இதற்கென்றே ஓர் அவசர நிலையைத் தயாராக வைத்திருக்கின்றன.

இதற்கிடையே சர்வருக்குள்ளேயும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கணினி ஒரே சமயத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்க முடியாதா என்று 1999இல் டான் கெகெல் என்ற நிரலாளர் எழுதினார். வருகிற ஒவ்வொருவருக்கும் தனி ஆளை ஒதுக்கும் பழைய முறையை விட்டு, ஒரே ஆள் எல்லோரையும் மாறி மாறிக் கவனிக்கும் முறையில் ரஷ்யாவின் ஐகோர் சிசோயெவ் எழுதிய என்ஜின்எக்ஸ் 2004இல் வெளிவந்தது. லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003இல் எழுதிய மெம்கேஷ்ட், அடிக்கடி கேட்கப்படும் விடைகளைத் தரவுத்தளத்திடம் போகாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. இவ்விரண்டும் இலவச மென்பொருள்கள். இவை இல்லாமல் அடுத்த பத்தாண்டின் இணையம் இல்லை.

நகல் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது 2009 ஜூன் 25 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. மைக்கேல் ஜாக்சன் இறந்தார். திடீரென்று ஒரே பெயரை லட்சக்கணக்கானோர் தேடியதைக் கண்ட கூகுள், தன்னை யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்துச் சிறிது நேரம் தேடியவர்களையே தடுத்தது. விக்கிப்பீடியாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. அங்கே கட்டுரைகள் தயாரான பக்கங்களாக நகலெடுத்து வைக்கப்படும். யாராவது திருத்தினால் பழைய நகல் செல்லாததாகி, புதிய பக்கம் தயாரிக்கப்படும். அடிக்குறிப்புகள் மிகுந்த ஜாக்சன் கட்டுரையைத் தயாரிக்கப் பல நொடிகள் பிடிக்கும். அன்று அதை ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு திருத்தம் வந்து நகல் செல்லாமல் போனதும், அந்த நொடியில் பக்கத்தைக் கேட்ட அனைவருக்காகவும் நூற்றுக்கணக்கான சர்வர் வேலைகள் ஒரே நேரத்தில் அதே பக்கத்தைத் தயாரிக்க இறங்கின. அது முடிவதற்குள் அடுத்த திருத்தம். ஒரு கட்டுரைக்காக விக்கிப்பீடியா முழுவதும் தள்ளாடியது.

தீர்வாக வந்தது பூல்கவுண்டர் என்ற சிறிய மென்பொருள். ஒரு பக்கத்தை ஒருவர் மட்டும் தயாரிக்கட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும்; காத்திருப்பு நீண்டால் சில நொடிகள் பழைய பக்கத்தையே கொடுத்துவிடலாம் என்பது அதன் விதி. இதில் வியக்கத்தக்கது, பழையதைத் தெரிந்தே தரத் துணிந்ததுதான். ஒரு பாடகர் இறந்த நேரம் 10 நொடி பழைய பதிப்பில் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

இந்திய ரசிகர்களுக்கு மறக்க முடியாத ஒரு மாலையும் இந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. 2019 ஜூலை 10, மான்செஸ்டர். மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போன உலகக் கோப்பை அரையிறுதி. நியூசிலாந்துக்கு எதிராக 5 ரன்னுக்கு 3 விக்கெட் போன பிறகு, தோனியும் ஜடேஜாவும் சேர்ந்து ஆட்டத்தை மீட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் பார்த்தவர்கள் 2 கோடியே 53 லட்சம் பேர். பிறகு கப்டில் எறிந்த பந்து ஸ்டம்பைத் தட்டியது. தோனி ரன் அவுட். சில நிமிடங்களில் கூட்டம் 10 லட்சத்துக்கும் கீழே சரிந்தது.

கூட்டம் குறைந்தால் தளத்துக்கு நிம்மதிதானே என்று தோன்றும். அப்படியில்லை என்று ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் பிறகு பொது மேடைகளில் விளக்கினார்கள். ஆட்டத்தின் காணொலி எல்லோருக்கும் ஒன்றே; அதை நகலாகப் பரப்பிவிடலாம். ஆனால் தோனி ஆட்டமிழந்ததும் கோடிக்கணக்கானோர் செயலியை மூடாமல் பின்னோக்கும் பொத்தானை அழுத்தி முகப்புக்குப் போகிறார்கள். முகப்பு ஒவ்வொருவருக்கும் வேறு. அவர் விட்ட படம், அவருக்கான பரிந்துரை என்று பல சர்வர்களைக் கேட்டுத்தான் அதை அடுக்க முடியும். எனவே ஆட்டத்தைத் தாங்கும் ஏற்பாட்டோடு, ஆட்டம் முடிவதைத் தாங்கும் ஏற்பாடும் தேவை. நிமிடத்துக்கு 10 லட்சம் பேர் கூடும்போது தானாகக் கணினிகளைச் சேர்க்கும் வசதி மெதுவானது என்பதால், கூட்டம் வருமுன்பே அவர்கள் கணினிகளை எழுப்பி வைத்தார்கள். நெருக்கடியில் பரிந்துரைகளை நிறுத்திவிட்டு ஆட்டத்தை மட்டும் காப்பாற்றும் முறையும் வைத்திருந்தார்கள். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் ஒரே சமயத்தில் பார்த்தபோதும் தளம் நின்றது.

இதுவரை சொன்ன கூட்டமெல்லாம் பார்க்க வந்த கூட்டம். செவ்வாயின் கற்களை ஒருவர் பார்த்தால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் 2 தேர்வு முடிவு நாளும் இந்த வகைதான். தளம் திணறினாலும் அரை மணி கழித்துப் பார்த்தால் மதிப்பெண் மாறிவிடப் போவதில்லை. கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக அனுப்பத் தொடங்கிய பிறகு அந்த நெரிசலும் தணிந்தது. ஆனால் எடுக்க வரும் கூட்டம் என்று ஒன்று உண்டு. அதற்கு நகல் என்ற மருந்து வேலை செய்யாது. அந்தக் கூட்டத்தை உலகிலேயே நெருக்கமாக அறிந்த தளங்களில் ஒன்று, நாம் தினமும் திட்டும் ரயில் முன்பதிவுத் தளம்.

ரயில்வேயின் கணினி முன்பதிவு 1985இல் டெல்லியில் தொடங்கியது. இரண்டே ஆண்டில் சென்னைக்கு வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களும் தனித்தனித் தீவுகளாக இருந்தன. அவற்றைக் கான்செர்ட் என்ற மென்பொருள் 1999 ஏப்ரலுக்குள் ஒரே வலையில் இணைத்தது. மதுரையில் நின்றுகொண்டு ஹவுராவிலிருந்து ரிஷிகேஷுக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது அதன் பிறகுதான். இந்த மையங்களின் முன் 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி ஓர் இணைய வாசலைத் திறந்தது. முதல் நாள் விற்றவை 30க்கும் குறைவான டிக்கெட்டுகள். காகித டிக்கெட் கூரியரில் வீடு வரும். 2005இல் மின் டிக்கெட் வந்ததும் நிலைமை தலைகீழானது.

1997இல் அறிமுகமான தட்கல் திட்டம், நெரிசலுக்கு ஒரு நேரத்தையே குறித்துக் கொடுத்தது. அவசரப் பயணிகளுக்கென ஒதுக்கிய இடங்கள் ஒரே நிமிடத்தில் திறக்கப்படும். ஏறத்தாழ எல்லா ரயில்களுக்கும் அதே நிமிடம். சாதாரண முன்பதிவும் தட்கலும் இரண்டுமே காலை 8 மணிக்குத் திறந்தபோது தளம் தினமும் மண்டியிட்டது. 2012 ஜூலையில் தட்கலை 10 மணிக்கு நகர்த்தினார்கள். 2015 ஜூனில் ஏசி வகுப்புகளுக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று இன்னொரு முறை பிரித்தார்கள். கணினியைத் தொடாமல், கடிகாரத்தை மட்டும் மாற்றிக் கூட்டத்தைக் கலைத்த இந்த முடிவுக்கு உரிய மதிப்பை யாரும் தந்ததாகத் தெரியவில்லை.

கணினியையும் மாற்றினார்கள். 2014 ஏப்ரல் 28 அன்று வந்த புதிய தளம், நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக உயர்த்தியது. முன்பதிவுக் காலம் 60 நாளிலிருந்து 120 நாளாக நீண்ட 2015 ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் 13 லட்சத்து 45 ஆயிரம் டிக்கெட்டுகள் விற்றன.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் அடியிலேயே இருக்கிறது. ரயிலின் நேரம், வழித்தடம், கட்டணம் எல்லாவற்றையும் நகலாக எங்கும் வைக்கலாம். எஸ்4 பெட்டியின் 23ஆம் படுக்கையை நகலெடுக்க முடியாது. அது ஒருவருக்குத்தான். ஆகவே அந்த ஒரு பதிவின் முன் எல்லோரும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒருவரின் வேலை முடியும்வரை மற்றவருக்குப் பூட்டு. வாசலில் எத்தனை ஆயிரம் சர்வர் வைத்தாலும் உள்ளே அந்தப் பூட்டு ஒன்றுதான். விக்கிப்பீடியாவைப் போலப் பத்து நொடி பழைய நிலவரத்தைக் காட்டினால், இல்லாத இடத்துக்கு ஒருவர் பணம் கட்டுவார். உண்மையில் அதுவும் நடக்கிறது. பணம் செலுத்திய பிறகே இடம் ஒதுக்கப்படுவதால், திரையில் இடம் இருப்பதாகக் கண்டு, வங்கியில் பணமும் கழிந்து, கையில் காத்திருப்போர் பட்டியல் எண்ணோடு திரும்பியவர்கள் ஏராளம்.

வரிசை என்று வந்துவிட்டால், வரிசையில் முந்துபவர்களும் வருவார்கள். பெயர், வயது, கட்டண விவரம் அனைத்தையும் முன்கூட்டியே நிரப்பி வைத்து, 10 மணி அடித்த கணம் பல கணக்குகளில் ஒரே சமயத்தில் பாயும் மென்பொருள்கள் கள்ளச் சந்தையில் விற்கப்பட்டன. 2017 டிசம்பரில் அத்தகைய ஒரு மென்பொருளை எழுதியதாக சிபிஐ கைது செய்தது, தன்னுடைய அலுவலகத்திலேயே பணியாற்றிய உதவி நிரலாளர் ஒருவரை. அவர் முன்பு ஐஆர்சிடிசியிலும் வேலை பார்த்தவர்.

இதற்கு எதிராக ஐஆர்சிடிசி கையாண்ட உத்திகளில் ஒன்றுதான் முன்னே சொன்ன நொடிக் கணக்கு. பயணிகள் விவரப் பக்கத்தை நிரப்பக் குறைந்தது 25 நொடி ஆக வேண்டும் என்று தளத்திலேயே விதி வைத்தார்கள். 2 நொடிக்கு மேல் யாரையும் காக்க வைக்காதீர்கள் என்று உலகமே ஓடிக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் ஒரு தளம் வேண்டுமென்றே தன்னை மெதுவாக்கிக்கொண்டது. அது பின்னடைவு அல்ல. தட்டச்சு தெரியாத ஒரு பெரியவருக்கும் கண் இமைப்பதற்குள் படிவம் நிரப்பும் இயந்திரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொஞ்சமாவது குறைக்க அதுவே வழி. எடுக்க வரும் கூட்டத்தின் முன் வேகம் முதல் கேள்வி இல்லை, யாருக்குக் கிடைக்கிறது என்பதே முதல் கேள்வி என்பதை அந்த 25 நொடி ஒப்புக்கொள்கிறது.

2021இல் தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான பதிவு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குத் திறந்தது. தொடக்கத்தில் திணறினாலும் அன்றே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். ஆனால் ஊசி போடும் நேரம் ஒதுக்கப்பட்டதும், அதைக் கண்காணிக்கத் தாமே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு அது முதலில் அகப்பட்டது. தளம் அப்போது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கணினி வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் அரசைக் கேட்டது. தமிழ் உள்ளிட்ட மொழிகள் ஜூனில் சேர்க்கப்பட்டன.

2025 மே 22 காலை 10 மணிக்கு ஐஆர்சிடிசியில் ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின. அதுவரை இல்லாத உச்சம். அமைப்பின் முழுத் திறனே நிமிடத்துக்கு 32,000 என்று ரயில்வே சொன்னது. அதாவது அன்று பாத்திரம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. தட்கல் திறக்கும் முதல் 5 நிமிடங்களில் நடக்கும் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட சந்தேகக் கணக்குகள் முடக்கப்பட்டன. மாசசூசெட்ஸில் பிறந்த நகல் வலையமைப்பு உத்தி இங்கேயும் வந்து சேர்ந்தது. நகல் பரப்பும் வேலையோடு, மூல சர்வருக்கு வெளியிலேயே நிரல்களை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பும் வேலையும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்க்கப்பட்டவர்களே தட்கல் எடுக்க முடியும். முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் கதவு மூடியிருக்கும்.

நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட் பதியும் புதிய அமைப்பைக் கட்டுவதாக ரயில்வே அறிவித்திருக்கிறது. விசாரணைகளை நிமிடத்துக்கு 4 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்துவதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. இரண்டாவது எண் பார்க்க வருபவர்களுக்கானது. அது நிச்சயம் பலன் தரும். முதல் எண்ணைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் நெல்லை எக்ஸ்பிரஸிலும் பாண்டியன் எக்ஸ்பிரஸிலும் உள்ள படுக்கைகள் இப்போதே சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. ஐந்து மடங்கு வேகமான கணினி அவற்றை இன்னும் சீக்கிரம் தீர்த்துவைக்கும். அந்தக் கூட்டத்தைக் குறைக்க வல்லது எழும்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் கிளம்பும் கூடுதல் ரயில் மட்டுமே. அதைத் தெற்கு ரயில்வே ஒவ்வொரு பண்டிகைக்கும் விடத்தான் செய்கிறது. அதற்கான முன்பதிவும் அறிவிப்புக்கு அடுத்து வரும் ஒரு காலை 8 மணிக்கு, அதே தளத்தில்தான் திறக்கிறது.